வெயில் பத்தாத நோவு

போன மாதம், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவும் இளம் டிரசர் ஒருவர் ஈப்போ புந்தோங்கில் என் வீட்டைத் தேடி வந்தார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பழைய ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "ஐயா, இந்த ரிக்கெட்ஸ் பாடத்த மட்டும் விட்டுடலாம்னு பாக்குறேன். பிள்ளைங்க எலும்பு கெட்டிப்படாம வளைஞ்சு போற நோவு. அது குளிர் நாட்டுலதானே வரும்? நம்ம ஊரு வெயிலுக்கு அது எங்க வரப்போவுது லா?" என்றார்.

இந்தக் கேள்வியை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்கார டாக்டர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி கேட்டிருக்கிறார். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இவர். வாயால் பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்று தோன்றியதால், "படிங்க தம்பி, எதையும் விடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டிரசர் ஆன கதையை நீட்டப் போவதில்லை. ஈப்போவில் புண் கழுவி, கட்டுப் போட்டு, மருந்து கலந்து, திட்டு வாங்கித் தேறினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம், பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்து அறை, முன்னால் ஒரு வராந்தா. அங்கே முழு நேர டாக்டர் கிடையாது. நான்தான் எல்லாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பெரிய டாக்டர் காரில் வருவார். பல தோட்டங்களுக்கு அவர் ஒருவரே.

பெரிய டாக்டர் வந்தால் உட்கார மாட்டார். ஒன்றரை மணி நேரமும் நின்றபடியே பார்ப்பார். கேள்வி கேட்பார், நாம் வாயைத் திறக்கும் முன் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "காய்ச்சல் எத்தனை நாள்? மூன்று நாள். கொய்னா கொடு." வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் வயிற்றில் இரண்டு விரலை வைத்து அழுத்துவார். மண்ணீரல் வீங்கியிருந்தால் விரலைச் சொடுக்குவார். அந்தச் சொடுக்குக்கு நான் ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகத்தில் ஒரு கோடு போட வேண்டும். மலேரியாவில் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. அவர் வந்த பிறகு தோட்டத்தில் சாவு குறைந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு மலேரியா, பூச்சி, வயிற்றுப்போக்கு, இவற்றைத் தவிர வேறு நோய் வரும் என்பதை அவர் ஏற்கவே மாட்டார்.

அவர் சொல்லித்தான் நான் பெரட்டுக் களத்தில் பேச வேண்டியிருந்தது. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம் அது. அங்கே கொசுவைப் பற்றிப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லும்படி உத்தரவு. முதல் மாதம் ஒழுங்காகத்தான் சொன்னேன். பொழுது சாய்ந்த பிறகு கைக்குழந்தைகளை வெளியே கொண்டுவராதீர்கள், கொசு கடிக்கும், காய்ச்சல் வரும் என்று. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஒருத்தி வெற்றிலை மடிப்பாள், ஒருத்தி கொட்டாவி விடுவாள். எனக்குச் சலித்துவிட்டது. அப்புறம் மாதக்கணக்கில் ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்: "பிள்ளைங்கள வெளிய விடாதீங்க. விட்டா செத்துப் போயிரும்."

ஒருத்தி மட்டும் அதைக் கேட்டிருக்கிறாள்.

அவள் பெயர் பச்சையம்மா. புருஷன் ராமன். இருவரும் பால் வெட்டுகிறவர்கள். நான் அந்தத் தோட்டத்துக்கு வருமுன்பே இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தார்கள். மூன்றாவது தங்கம், பெண் குழந்தை. மற்றவர்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். பச்சையம்மா விடவில்லை. கால் ஊனமான தன் நாத்தனார் சின்னப்பொண்ணுவை வீட்டோடு வைத்துக்கொண்டு, பிள்ளையை அவளிடம் ஒப்படைத்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். பலகைச் சுவர். ஒரே ஒரு பலகை ஜன்னல், அதிலும் கோணியை அடித்து வைத்திருந்தாள்.

குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கும்போது ஒரு நாள் காலை பச்சையம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். பிள்ளைக்கு இழுப்பு. கையும் காலும் முறுக்கிக்கொண்டு, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஈரத் துணியால் துடைத்து, தூக்க மருந்து சில சொட்டுக் கொடுத்துப் படுக்க வைத்தேன். இழுப்பு நின்றதும் ஆடையை அவிழ்த்துப் பார்த்தேன்.

தலை பெரிதாக இருந்தது, தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. முன்பல் இரண்டே இரண்டு. மணிக்கட்டு இரண்டும் கயிறு சுற்றினாற்போலத் தடித்திருந்தன. நெஞ்சுக்கூட்டின் இரு பக்கமும் விலா எலும்புகளின் நுனியில் வரிசையாக முடிச்சு. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். விரலை ஓட்டியபோது ஜெபமாலை உருட்டுவது போலவே இருந்தது. நிற்க வைத்தால் கால்கள் வெளிப்பக்கம் வளைந்தன, உடனே வலித்து அழுதது.

"பொறந்ததுலருந்து இப்படியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கய்யா. பொறந்தப்ப நல்லாதான் இருந்துச்சு. இன்னும் நடக்கல. ஒக்கார வெச்சா ஒக்காருது, அவ்வளவுதான்."

படிக்கும்போது புத்தகத்தில் இப்படி ஒரு படம் பார்த்திருந்தேன். புகை சூழ்ந்த குளிர் நகரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு வரும் என்று எழுதியிருந்தது. காரணம் என்ன என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் சண்டை. சாப்பாடு என்றார் ஒருவர், கெட்ட காற்று என்றார் இன்னொருவர், ஓடி ஆடாததால் என்றார் மூன்றாமவர். பெற்றோரின் மேகநோய், அதாவது சிபிலிஸ், பிள்ளையின் எலும்பில் இறங்குகிறது என்று சொன்ன மகானுபாவர்களும் உண்டு.

துரதிர்ஷ்டம், நம் பெரிய டாக்டர் அந்தக் கடைசிக் கட்சி.

அடுத்த முறை அவர் வந்தபோது குழந்தையைக் காட்டினேன். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ், நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தார்.

"ரிக்கெட்ஸாக இருக்குமோ, சார்?" என்றேன்.

கைத்தடியால் ஜன்னலைக் காட்டினார். "வெளியே என்ன தெரிகிறது, டிரசர்?"

"வெயில், சார்."

"எப்படிப்பட்ட வெயில்? மண்டையைப் பிளக்கிற வெயில். இந்த நாட்டில் ரிக்கெட்ஸ் கிடையாது. இது பரம்பரை. அப்பன், ஆத்தாள் இரண்டு பேருக்கும் ஊசி போடு. பிள்ளைக்குப் பாதரசக் களிம்பு, தினமும் வயிற்றில் தேய்."

"ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாமா, சார்?"

"எதற்கு? எனக்குக் கண் இருக்கிறது."

பதிவுப் புத்தகத்தில் பச்சையம்மா, ராமன் பெயருக்கு எதிரே மேகநோய் என்று அவர் கையாலேயே எழுதிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேகநோய்க்கு ஊசி போடும் நாள் வெள்ளிக்கிழமை. எந்த நோய்க்கு எந்தக் கிழமை ஊசி என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். ராமன் சட்டையைக் கழற்றிக்கொண்டு அந்த வரிசையில் நின்றான். நானும் போட்டேன். உத்தரவு என்று போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. மறுநாளே லயம் முழுக்கப் பேச்சு. ராமன் தன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டான். அவள் அவனைச் சந்தேகப்பட்டாள். ஒரு வாரத்தில் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு தனியாட்கள் தங்கும் லயத்துக்குப் போய்விட்டான். குழாயடியில் பச்சையம்மா குடம் வைத்தால் பக்கத்துக் குடத்தை நகர்த்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் காகிதம் என் கையில் கிடைத்தது. பெரிய டாக்டர் படித்து முடித்த மருத்துவப் பத்திரிகைகளை எங்களுக்குத் தள்ளிவிடுவார். படிக்க இல்லை, பொடி மடிக்க. ஒரு நாள் பேதி உப்பு மடிக்கக் கிழித்த தாளில் வளைந்த கால்களின் படம் இருந்தது. நின்றபடியே படித்தேன். பனி பெய்யும் ஒரு நகரத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளைக் கட்டிலோடு மாடத்தில் வெயிலில் போட்டிருக்கிறார்கள். வேறு சிலருக்கு மீன் ஈரல் எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் எலும்பு கெட்டிப்பட்டது எக்ஸ்ரே படத்தில் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நேரம் வெயில், எவ்வளவு எண்ணெய் என்று பார்க்கத் திருப்பினேன். அடுத்த பக்கம் இல்லை. அது முதல் நாளே யாரோ ஒருத்தருடைய பேதி உப்போடு லயத்துக்குப் போய்விட்டது.

தலையில் அடித்துக்கொண்டு, நேராகப் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. சின்னப்பொண்ணு கதவைத் திறந்தாள். உள்ளே போனதும் எனக்குக் கண் தெரியவில்லை. அடுப்புப் புகையும் இருட்டும். மூலையில் தூளி ஆடுவது சத்தத்தில்தான் தெரிந்தது. கோணியைப் பிய்க்கக் கை வைத்தபோது பால் வாளியோடு பச்சையம்மா வந்து சேர்ந்தாள்.

"ஐயா, அதைப் பிய்க்காதீங்க!"

"ஏன் இப்படி அடைச்சு வெச்சிருக்க? பிள்ளை எப்ப வெளிய வந்துச்சு?"

"வந்ததே இல்லீங்களே. பொறந்ததுலருந்து வாசப்படி தாண்டல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தேன் பாருங்க, அதான் மொதத் தடவ. அதுவும் முந்தானையில மூடிக்கிட்டு."

"எந்த முட்டாள் சொன்னான் உனக்கு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க? வெளிய விட்டா செத்துப் போயிரும்னு. மாசா மாசம் பெரட்டுக் களத்துல சொன்னீங்களே."

தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சின்னப்பொண்ணு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சொன்னேன், நான் சொன்னது இருட்டின பிறகு என்று, அந்த வார்த்தையை நான்தான் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன் என்று, பிள்ளைக்கு வந்திருப்பது வெயில் பத்தாத நோவு என்று. அவள் நம்பவில்லை. ஏன் நம்புவாள்? அன்றைக்கு அப்படிச் சொன்ன ஆள் இன்றைக்கு இப்படிச் சொல்கிறான்.

"செத்துட்டா?" என்றாள்.

"தினமும் நானே பக்கத்துல இருக்கேன். ஒண்ணுன்னா என்னைக் கேளு."

சின்னப்பொண்ணுதான் முடிவு செய்தாள். "அண்ணி, இப்ப மட்டும் வாழுதா இது? குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்" என்று நொண்டிக்கொண்டே பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

ரப்பர்த் தோட்டத்தில் வெயில் என்பது நினைப்பதுபோல் எளிதில் கிடைக்காது. மரத்தடியில் நண்பகலிலும் மங்கல்தான். லயத்து வாசலில் கொண்டுபோய் வைத்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், போர்வை காயப்போடும் திறந்த வெளியில் பாய் விரித்தோம். காலை எட்டு மணிக்குமேல் தலைக்கு மட்டும் நிழல் கொடுத்து, முதல் நாள் பாதங்கள், அடுத்த நாள் முழங்கால் வரை, பிறகு உடம்பு முழுக்க. அளவு சொல்லும் பக்கம் கிடைக்காததால் என் கைக்கடிகாரத்தையும் பிள்ளையின் தோலையும் பார்த்தே நேரத்தைக் கூட்டினேன். முதல் ஒரு வாரம் பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. வெளிச்சம் அதற்குப் பழக்கமில்லை.

மீன் ஈரல் எண்ணெய் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் இருந்தது. அதை எடுக்கப் பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். கடைசியில் லூமுட் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனனை நிறுத்தி, "ஈக்கான் யூ, ஹாத்தி ஆடா?" என்றேன். சுறா ஈரல் இருக்கிறதா என்று. அவன் சிரித்தான். தூக்கி எறிகிற சாமானைக் கேட்கிறானே என்று. மறுநாள் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

பித்தப்பையை நீக்கி, கழுவி, துண்டு போட்டு, சிறிய தகரத்தில் போட்டு, அதைக் கொதிநீர் உள்ள பெரிய மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் இறக்கினேன். நேரடியாக நெருப்பில் வைத்தால் கருகிவிடும். மேலே மிதந்த எண்ணெயைக் கட்டுத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, கறுப்புப் பாட்டிலில் அடைத்தேன். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். கட்டிலில் கிடந்த நோயாளிகள் எழுந்து வராந்தாவுக்கு ஓடினார்கள். காற்று தோட்ட மானேஜரான துரையின் பங்களாப் பக்கம் வீசியது. பத்தே நிமிடத்தில் ஆபீஸ் பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரியில யாரு செத்தான்னு துரை கேக்குறாரு" என்றான். செத்த எலி என்று சொல்லிச் சமாளித்தேன். அதன் பிறகு காற்று திரும்பும் நாள் பார்த்துத்தான் காய்ச்சினேன்.

கஞ்சியில் தினம் அரைத் தேக்கரண்டி. தங்கம் துப்பும், சின்னப்பொண்ணு திரும்பவும் ஊட்டுவாள். பாதரசக் களிம்பை நான் தொடவே இல்லை. தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, புத்தகத்தில் களிம்பு என்று எழுதினேன். ராமனுக்கும் பச்சையம்மாவுக்கும் ஊசியையும் நிறுத்திவிட்டு, மருந்து வரவில்லை என்றேன். பொய்க்கு மேல் பொய். வேலை போயிருந்தால் கேட்க நாதியில்லை.

இழுப்பு திரும்ப வரவில்லை. இரண்டாம் மாதத்தில் தலை வேர்வை நின்றது. பல் வந்தது. நான்காம் மாதம் தங்கம் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது, அழாமல். பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை பயந்து உட்கார்ந்துவிடக் கூடாதாம்.

பெரிய டாக்டர் நடுவில் லீவில் போயிருந்தார். திரும்பி வந்த முதல் நாள் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார். தங்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்து நான்கு எட்டு வைத்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தாயா டிரசர்? பாதரசம்! இதைப் பத்திரிகைக்கே எழுதலாம். பெற்றோருக்கு இன்னும் ஒரு சுற்று ஊசி போடு."

பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னங்கய்யா சொல்றாரு?"

நான் மொழிபெயர்த்தாக வேண்டும். இன்னொரு சுற்று ஊசி, இன்னொரு சுற்று வெள்ளிக்கிழமை வரிசை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. டாக்டர் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"சார், நான் பாதரசம் தேய்க்கவில்லை."

"என்ன?"

"தேங்காய் எண்ணெய், சார். களிம்பு ஜாடியில் அப்படியே இருக்கிறது."

ஜாடியைக் கொண்டுவரச் சொன்னார். மூடியைத் திறந்தார். சீல் பிரிக்காமல் இருந்தது. நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன், கோணி அடித்த ஜன்னலைச் சொன்னேன், சுறா ஈரலைச் சொன்னேன், பெரட்டுக் களத்தில் நான் பேசிய பேச்சையும் சொன்னேன். கிழிந்த தாளை மேசையில் வைத்தேன். அது அவருடைய பத்திரிகைதான், மேல் ஓரத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அப்போதுதான் அவர் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளையை மடிக்கு அருகே இழுத்து, விலா ஒவ்வொன்றாக விரலால் தடவினார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம்.

பிறகு புத்தகத்தை எடுத்து, மேகநோய் என்ற வரியை அடித்து, ரிக்கெட்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

"நீ சொன்னது சரி. ஆனால் என் உத்தரவை மீறிப் புத்தகத்தில் பொய் எழுதுகிறவன் எனக்கு வேண்டாம்."

அந்த வார்த்தையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் ரத்தம் கொதித்தது. ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுத்த பொய்யை எழுதியவர் காரில் ஏறுகிறார், எண்ணெய் தேய்த்தவன் மூட்டை கட்டுகிறான்.

அன்று சாயந்திரம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. அதையும் மீறினேன். ராமனை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். குடங்களோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் அடித்த வரியைக் காட்டி, புதிய வரியை உரக்கப் படித்தேன்.

"அப்படின்னா?" என்றான் ராமன்.

"வெயில் பத்தாத நோவு."

"வெயிலா? இந்த ஊருலயா?" என்று ஒரு கிழவர் சிரித்தார். கூட்டமே சிரித்தது. எனக்குக் குடத்தை எடுத்து எறியலாம் போல இருந்தது. ஆனால் ராமன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அவன் பாய் பச்சையம்மா வீட்டு வாசலில் கிடந்ததாகச் சின்னப்பொண்ணு சொன்னாள். அவனை உள்ளே விட இன்னும் மூன்று நாள் ஆயிற்றாம். அதைக் கேட்டபோது எனக்குப் பச்சையம்மா மேல் மரியாதை கூடியது.

என்னைப் பாரிட் புந்தார் பக்கம் மாற்றினார்கள். அங்கேயே பல வருடம் ஓடிவிட்டது. யுத்தம் வருவதற்கு முன்பு ஒரு நாள் பச்சையம்மா ரயிலில் வந்து இறங்கினாள், கூடவே தங்கம். குள்ளமாக, கொஞ்சம் சாய்ந்த நடை, கால் வளைவு முழுக்கப் போகவில்லை. கல்யாணமாகி நிறைமாதம்.

"கைராசி உள்ள ஆளுன்னு உங்ககிட்ட கூட்டியாந்தேன். லயத்து மருத்துவச்சி எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றா. எனக்கென்னமோ சரியாப் படல" என்றாள்.

சிறுவயதில் மெத்தென்றிருந்த எலும்பு பிறகு கெட்டிப்படும், ஆனால் எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தில்தான் கெட்டிப்படும். கால் வளைந்திருந்தால் இடுப்பெலும்பும் குறுகியிருக்கும். பிள்ளை வெளியே வர வழி போதாது. லயத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு உயிரும் போய்விடும். அன்றைக்கே நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, இரண்டு பேரையும் ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினேன்.

அங்கே நடந்ததைப் பச்சையம்மா பிறகு வந்து சொன்னாள். ஓர் இளம் டாக்டர் என் கடிதத்தைப் படித்துவிட்டு நர்சிடம் சிரித்திருக்கிறார். நர்ஸ் தமிழ்ப் பெண். "ரிக்கெட்ஸா, இந்த ஊர் வெயிலிலா என்று கேட்கிறார்" என்று இவளிடம் சொல்லியிருக்கிறாள். பச்சையம்மா கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, திரும்பவும் அவர் முன்னாலேயே வைத்திருக்கிறாள்.

"ஆமா, இந்த ஊருலதான். ரெண்டு வருஷம் இருட்டுல போட்டு வெச்சிருந்தது நான். உங்க புத்தகத்துல இல்லாட்டிப் போவுது. எம்மவ இடுப்பை மொதல்ல அளந்து பாருங்க தொரை, அப்புறம் சிரிங்க."

அளந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

அந்த வார்டில் இருந்த நாள் முழுக்கப் பச்சையம்மா நர்சுகளோடு சண்டையாம். அவர்கள் சாத்தச் சாத்த, இவள் ஜன்னலைத் திறந்துகொண்டே இருந்தாளாம்.